பணம் கேட்காத விற்பனையாளர்: சத்யம் மோசடியில் மேடாஸ் பேரத்தின் இடம்

2008 டிசம்பர் 16 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடி, இரண்டு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் அளித்தது. மேடாஸ் பிராப்பர்ட்டீஸ் என்ற மனைவணிக நிறுவனத்தை முழுமையாக வாங்க 130 கோடி டாலரும், மேடாஸ் இன்ஃப்ரா என்ற கட்டுமான நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கை வாங்க 30 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. அன்றைய மாற்று விகிதத்தில் இது 7,600 கோடி ரூபாய்க்கு மேல். உலகமே நிதி நெருக்கடியில் தத்தளித்த மாதத்தில், மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கும் ஒரு நிறுவனம் தன் கையிருப்பையெல்லாம் கொட்டி எதற்காக நிலம் வாங்குகிறது என்ற கேள்விக்கு, தொழிலைப் பரவலாக்குகிறோம் என்பதே பதிலாக வந்தது. முதலீட்டாளர்கள் அதை ஏற்கவில்லை. நியூயார்க் சந்தையில் சத்யத்தின் பங்கு அன்றே பாதிக்கு மேல் சரிந்தது; அறிவித்த அரை நாளுக்குள் பேரம் கைவிடப்பட்டது.

மேடாஸ் நிறுவனங்கள் இரண்டும் சத்யத்தின் நிறுவனரும் தலைவருமான ராமலிங்க ராஜுவின் மகன்களால் நடத்தப்பட்டவை. சத்யம் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் மேடாஸ் என்று வரும். உறவை மறைக்க யாரும் முயலவில்லை. அதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பேரத்தின் உண்மையான நோக்கம்தான் மறைக்கப்பட்டிருந்தது. தொடர்புடையோர் பரிவர்த்தனை, அதாவது ஒரு நிறுவனம் தன்னை நடத்துபவர்களோடும் அவர்களின் உறவினர், குழும நிறுவனங்களோடும் செய்யும் வியாபாரம், பற்றிய பேச்சில் பெரும்பாலும் தவறவிடப்படும் வேறுபாடு இது. யாருடன் வியாபாரம் செய்கிறோம் என்பதை வெளியிட்டுவிட்டு, எதற்காகச் செய்கிறோம் என்பதை முழுமையாக மறைத்துவிட முடியும்.

தொடர்புடையோருடன் வணிகம் செய்வது தன்னளவில் குற்றமன்று. ஒரு குழுமத்தின் ஆலை அதே குழுமத்தின் மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வாங்கலாம். தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கலாம். இயக்குநரின் உறவினருக்குச் சொந்தமான கட்டடத்தை அலுவலகத்துக்காக வாடகைக்கு எடுக்கலாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசி முடிக்கும் அதே விலைக்கு இவை நடக்கும்வரை யாருக்கும் நட்டமில்லை. ஆனால், பேரத்தின் இரு பக்கத்திலும் ஒரே குடும்பம் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பக்கத்தில் பங்கு அதிகமோ அந்தப் பக்கம் நோக்கி விலை சாயும். ராஜு குடும்பத்துக்குச் சத்யத்தில் அப்போது இருந்த பங்கு 9 சதவீதத்துக்கும் குறைவு. மேடாஸ் நிறுவனங்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சத்யத்தின் பெட்டியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் குடும்பம் இழப்பது ஒன்பது ரூபாய்க்குள். அதே நூறு மேடாஸுக்குள் நுழைந்தால் அவர்களுக்குச் சேருவது முப்பதுக்கும் மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த முதலீட்டாளர்கள், இது வழக்கமான குடும்பப் பேராசை, பொது முதலீட்டாளரின் பணத்தை வாரிசுகளின் தொழிலுக்குக் கடத்தும் வழி என்றே முடிவு செய்தார்கள்.

அவர்கள் நினைத்ததைவிட நிலைமை மோசமாக இருந்தது. கடத்துவதற்கு அங்கே பணமே இல்லை.

2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் எழுதிய கடிதத்தில் நான்கு எண்கள் இருந்தன. 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி ஏட்டில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம். அந்த இல்லாத பணத்துக்கு வரவேண்டியதாகக் காட்டப்பட்ட 376 கோடி வட்டியும் இல்லாதது. வாடிக்கையாளர்கள் தரவேண்டிய நிலுவை 490 கோடி மிகைப்படுத்தப்பட்டது. அவர் வெளியிலிருந்து திரட்டித் தந்த 1,230 கோடி ரூபாய், கடனாக ஏட்டில் ஏறவேயில்லை. கூட்டினால் 7,136 கோடி. அதே நாளில் பங்கின் விலை சுமார் 78 சதவீதம் சரிந்தது.

அந்தக் கடிதத்தில் கணக்கு அறிந்தவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. செப்டம்பர் காலாண்டின் வருவாய் 2,700 கோடி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உண்மை 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று சொல்லப்பட்டிருந்தது. உண்மை 61 கோடி. இரண்டிலும் வித்தியாசம் ஒன்றேதான்: 588 கோடி. பொய்யான வருவாய்க்குச் செலவு கிடையாது. யாருக்கும் சம்பளம் தர வேண்டாம், யாரையும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆகவே பொய்யான ஒவ்வொரு ரூபாயும் அப்படியே லாபமாக விழுகிறது. 3 சதவீத லாபத்தில் ஓடிய நிறுவனம் 24 சதவீதம் ஈட்டுவதாகத் தோன்றுகிறது. லாபம் வந்துவிட்டால் அது எங்காவது உட்கார்ந்தாக வேண்டும். வாடிக்கையாளர் நிலுவையில் உட்காரவைத்தால், ஏன் வசூலாகவில்லை என்று கேட்பார்கள். ஆகவே வசூலாகிவிட்டதாகக் காட்டி வங்கி இருப்பில் சேர்த்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் ஆண்டுதோறும் கொடியில் பெருத்துக்கொண்டே போனது.

இதற்கு வேண்டிய கைவேலை சாதாரணமானது. 6,000-க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் தயாரிக்கப்பட்டன என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னாளில் பதிவு செய்தது. அவை நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள்ளேயே உருவாக்கப்பட்டன. ஆனால், அந்தந்த வாடிக்கையாளரைக் கவனிக்கும் ஊழியர்களின் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டன. வங்கி அறிக்கைகளும் வைப்புத்தொகைச் சான்றுகளும் போலியாகச் செய்யப்பட்டன. தணிக்கையாளர் வங்கியிடம் நேரடியாகக் கேட்டு, நேரடியாகப் பதில் வாங்கியிருந்தால் ஒரு வாரத்தில் உடைந்திருக்க வேண்டிய பொய் இது. சத்யத்தின் தணிக்கையாளர்களான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் அந்த உறுதிப்பாட்டு நடைமுறையை நிர்வாகத்தின் கையிலேயே விட்டிருந்தன என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் 2011-இல் கண்டறிந்தன. சில கிளைகள் நேரடியாக அனுப்பிய இருப்பு விவரம் நிர்வாகம் கொடுத்த விவரத்தோடு பொருந்தவில்லை. அந்த முரண்பாடும் துருவப்படவில்லை.

ஏன் தொடங்கினார்கள் என்பதற்கு ராஜுவின் கடிதம் தரும் விளக்கம், உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் இடையிலான சிறிய இடைவெளி காலப்போக்கில் சமாளிக்க முடியாதபடி வளர்ந்துவிட்டது என்பது. நிறுவனரின் பங்கு குறைவாக இருந்ததால், மோசமான கணக்கைக் காட்டினால் வெளியார் யாராவது நிறுவனத்தைக் கைப்பற்றிவிடுவார்கள், அப்போது இடைவெளி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சியதாகவும் அதில் இருக்கிறது. புலியின் மீது ஏறியவனுக்கு, தின்னப்படாமல் இறங்கும் வழி தெரியவில்லை என்ற உவமையையும் அவர் எழுதினார். புலிவாலைப் பிடித்த கதை நமக்குப் புதிதன்று. ஆனால், அதில் வாலைப் பிடித்தவன் தற்செயலாகப் பிடித்தவன். இங்கே புலியை வளர்த்தவரும் அவரே. தானோ பிறரோ ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்ற அவருடைய வாதத்தை விசாரணை அமைப்புகள் ஏற்கவில்லை. உயர்த்திக் காட்டிய விலையில் குடும்பத்தினரும் அவர்களைச் சார்ந்தோரும் பங்குகளை விற்றும் அடகு வைத்தும் பெற்ற பணமும், 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயரில் வாங்கிக் குவிக்கப்பட்ட நிலமும் வழக்கின் பகுதியாயின. நிறுவனரின் பங்கு 2001-இல் ஏறக்குறைய கால் பகுதியாக இருந்து 9 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதே, பங்குகள் எங்கோ போய்க்கொண்டிருந்தன என்பதற்கு எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்த சான்று.

இப்போது மேடாஸ் பேரத்துக்குத் திரும்பலாம். இல்லாத சொத்துகளின் இடத்தில் உண்மைச் சொத்தை வைப்பதற்கான கடைசி முயற்சி அது என்று கடிதம் சொல்கிறது. ஏட்டளவில் இது எளிது. மேடாஸ் நிறுவனங்களை வாங்கியதாகப் பதிவு செய்தால், இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் குறையும், முதலீடு ஏறும். குறைவது பொய்யான ரொக்கம். ஏறுவது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய நிலமும் கட்டடமும். ஒருமுறை அந்த மாற்றம் நடந்துவிட்டால், 5,040 கோடி எங்கே என்ற கேள்விக்கு எழவே இடமிராது. அதை நிலத்தில் போட்டுவிட்டோம் என்று ஏடே சொல்லும். அந்த நிலம் பின்னர் மதிப்பிழந்தாலும் வணிகத்தில் நேர்ந்த நட்டமாகிவிடுமே தவிர மோசடியாகாது. நிலத்தை இதற்குத் தேர்ந்தெடுத்ததும் காரணமில்லாமல் அன்று: அதன் விலையை நாள்தோறும் ஒரு சந்தை அறிவிப்பதில்லை.

இந்தத் திட்டம் நிறைவேற ஒரு நிபந்தனை உண்டு. விற்பவர் பணம் கேட்கக் கூடாது. அயலார் ஒருவரிடம் நிறுவனத்தை வாங்கினால், பத்திரம் பதிவாகும் நாளில் அவர் காசோலையைக் கேட்பார். அன்றே குட்டு உடையும். சத்யத்தின் சிக்கல் தீர்ந்த பிறகு மேடாஸுக்கான தொகையைத் தள்ளிப்போடலாம் என்று எண்ணியிருந்ததாகக் கடிதத்தில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. முழு விவகாரத்துக்கும் திறவுகோல் அந்த வரிதான் என்பது என் கருத்து. குடும்பத்திடமிருந்து மட்டுமே பணம் தராமல் நிறுவனம் வாங்க முடியும். தொடர்புடையோர் பரிவர்த்தனையை, உள்ளே இருக்கும் பணம் வெளியே போகும் குழாயாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். இல்லாத பணத்தைச் செலவழித்துவிட்டதாகக் காட்டி ஏட்டைச் சுத்தம் செய்யவும் அதே உறவு பயன்படும் என்பதைச் சத்யம் காட்டியது.

இதை இயக்குநர் குழு எப்படி விட்டது என்ற கேள்வி அந்நாட்களில் ஓயாமல் கேட்கப்பட்டது. குழுவில் இருந்தவர்கள் பெயருக்கு உட்கார்ந்தவர்கள் அல்லர். இந்திய வணிகப் பள்ளியின் டீன் ராம்மோகன் ராவ், நிறுவன ஆளுகையைப் பற்றி எழுதிவந்த ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ண பலெபு, பென்டியம் சில்லின் உருவாக்கத்தில் பெயர்பெற்ற வினோத் தாம், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலர் டி.ஆர்.பிரசாத் ஆகியோர் நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்களாக இருந்தார்கள்; பலெபு தவிர மற்றவர்கள் சுயேச்சை இயக்குநர்கள். நல்ல ஆளுகைக்கான தங்க மயில் விருதையும் நிறுவனம் அதே 2008-இல் பெற்றிருந்தது. விருது வழங்கியவர்கள் பின்னர் அதைத் திரும்பப் பெற்றார்கள். சுயேச்சை இயக்குநர் தன் முன் வைக்கப்படும் தாளைத்தான் பார்க்கிறார். நிர்வாகம் தரும் கணக்கு, நிர்வாகம் அமர்த்திய மதிப்பீட்டாளரின் அறிக்கை, நிர்வாகத்தின் தணிக்கையாளர் போட்ட கையெழுத்து ஆகிய மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. அந்தத் தாள்களின்படி சத்யத்திடம் 5,000 கோடிக்கு மேல் சும்மா கிடந்தது. அதை முதலீடு செய்வதில் என்ன தவறு என்ற வாதம் அந்த அறைக்குள் பொருந்திப் போயிருக்கும். ஆயினும், இவ்வளவு ரொக்கம் வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பங்குதாரருக்கு ஈவுத்தொகையாகப் பிரித்துத் தராமல் தலைவரின் மகன்களிடம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்க, போலி இன்வாய்ஸ்களைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய தேவை இல்லை. பொது அறிவு போதும். அந்தக் கேள்வியைச் சந்தை சில மணி நேரத்தில் கேட்டது.

அன்றைய சட்டம் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு நின்றுகொண்டது. பங்குதாரர்களின் வாக்கெடுப்பு இல்லாமலேயே 7,600 கோடி ரூபாய்ப் பேரம் அறிவிக்கப்பட்டது. சத்யத்துக்குப் பின் எழுதப்பட்ட 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 188-ஆவது பிரிவு, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட தொடர்புடையோர் பரிவர்த்தனைக்குப் பங்குதாரரின் தீர்மானத்தைக் கட்டாயமாக்கியது. 177-ஆவது பிரிவு அத்தகைய பரிவர்த்தனைகளைத் தணிக்கைக் குழுவின் ஒப்புதலுக்குக் கீழே கொண்டுவந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு, இந்தியப் பங்குச் சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான செபி 2015-இல் வகுத்த விதிகளில் 23-ஆவது விதி இன்னும் இறுக்கமானது: பெரிய பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் தீர்மானத்தில் தொடர்புடைய தரப்பினர் எவரும் ஆதரவாக வாக்களிக்க முடியாது. 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி 2022 ஏப்ரல் முதல், 1,000 கோடி ரூபாய் அல்லது ஒருங்கிணைந்த ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டும் பரிவர்த்தனை பெரியதாகக் கருதப்பட்டது. இந்த விதி 2008-இல் இருந்திருந்தால் மேடாஸ் பேரத்தைச் சத்யத்தின் சாதாரணப் பங்குதாரர்களே தோற்கடித்திருப்பார்கள். ஆனால், மோசடி வெளிப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. இல்லாத ரொக்கம் இன்னும் சில காலாண்டுகள் ஏட்டிலேயே கிடந்திருக்கலாம்.

உறவை வெளியிட்டுவிட்டு நோக்கத்தை மறைத்தது சத்யம் என்றால், உறவையே மறைப்பது இன்னொரு வகை. அதுதான் பரவலானதும் பிடிக்கக் கடினமானதும். பினாமி என்ற சொல்லை நிலப் பத்திரத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகிய நமக்கு இதன் இயக்கம் எளிதில் புரியும். நிறுவனம் பெயர் தெரியாத ஓர் இடைநிறுவனத்துக்குக் கடன் தருகிறது. அது இன்னொன்றுக்குத் தருகிறது. இரண்டு, மூன்று கை மாறிய பிறகு பணம் நிறுவனரின் சொந்தக் கடனை அடைக்கப் போய்ச் சேர்கிறது. முதல் கையில் இருப்பவர் சட்டப்படி தொடர்புடையவர் அல்லர் என்பதால் எதையும் வெளியிட வேண்டியதில்லை என்று வாதிடலாம். ஃபோர்டிஸ் ஹெல்த்கேர் மருத்துவமனைக் குழுமத்தில் நடந்ததாகச் செபி 2018 அக்டோபர் ஆணையில் விவரித்தது இந்த வகைதான். துணை நிறுவனம் ஒன்றிலிருந்து மூன்று நிறுவனங்களுக்குக் குறுகிய காலக் கடனாகத் தரப்பட்ட பணம் அப்போதைய நிறுவனர்களுக்காகத் திருப்பப்பட்டது என்றும், வட்டியோடு சேர்த்து அது சுமார் 403 கோடி ரூபாய் என்றும் ஆணை கூறியது. கடன் காலாண்டின் தொடக்கத்தில் வெளியே போகும். காலாண்டு முடிவதற்குள் திரும்பி வரும். மறு காலாண்டு பிறந்ததும் மீண்டும் போகும். இருப்புநிலைக் குறிப்பு ஒரு நாளின் புகைப்படம்தான். அந்த ஒரு நாளில் பணம் வீட்டில் இருந்தால் போதும், மீதி எண்பத்தொன்பது நாள் அது எங்கே சுற்றியது என்பது படத்தில் விழாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 திருத்தம் இன்னொரு விதியையும் சேர்த்தது. 2023 ஏப்ரல் முதல், எதிர்த்தரப்பு அயலாராகவே இருந்தாலும், பரிவர்த்தனையின் நோக்கமும் விளைவும் தொடர்புடையவருக்குப் பயன்தருவதாக இருந்தால் அதுவும் தொடர்புடையோர் பரிவர்த்தனையே. தாளில் நல்ல விதி. ஆனால், நோக்கத்தை நிறுவுவதற்குப் பணம் கடந்து சென்ற ஒவ்வொரு வங்கிக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்; அந்த அதிகாரம் தணிக்கைக் குழுவுக்கும் இல்லை, பங்குதாரருக்கும் இல்லை. அதிகாரம் உள்ள செபி வந்து சேர்வதற்குள் பணம் பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

சத்யத்தில் ஒழுங்குமுறை அமைப்புகளைவிட முன்னதாக வந்து சேர்ந்தவர்கள் கடன் கொடுத்தவர்கள். நிறுவனர் குடும்பத்தின் பங்குகள் அடகில் இருந்தது பொதுவெளியில் தெரியாது. பங்கு விலை சரிந்ததும் அடகு பிடித்தவர்கள் 2008 டிசம்பர் இறுதியில் அவற்றை விற்கத் தொடங்கினார்கள். தலைவருக்குத் தன் சொந்த நிறுவனத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் புலப்பட்டது. நிறுவனர் பங்கு அடகை வெளியிட வேண்டும் என்ற செபியின் விதி 2009 ஜனவரியில், கடிதம் வெளியான சில வாரங்களில் வந்தது. இன்று ஒரு நிறுவனத்தின் பங்குடைமை அறிக்கையில் அடகு வைக்கப்பட்ட பங்கின் சதவீதம் தனிக் கட்டமாக இருக்கிறதென்றால், அது சத்யத்தின் முதலீட்டாளர்கள் கொடுத்த விலையில் வாங்கப்பட்ட கட்டம்.

மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு, தீபக் பரேக், கிரண் கார்னிக், சி.அச்சுதன் ஆகியோரையும், பின்னர் சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் டி.என்.மனோகரன் உள்ளிட்ட மூவரையும் நியமித்தது. எவ்வளவு பணம் உண்மை என்று தெரியாத நிலையில் மாதச் சம்பளத்துக்கு வழி தேடி, வாடிக்கையாளர்களைத் தக்கவைத்து, நூறு நாளுக்குள் அவர்கள் நிறுவனத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் கொடுத்து வென்றது. ராமலிங்க ராஜு உட்பட பத்துப் பேருக்கு ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரல் 9 அன்று ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மறு மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் பிணையில் வந்தார்கள். தணிக்கை நிறுவனங்களுக்குச் செபி 2018-இல் விதித்த இரண்டாண்டுத் தடையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019-இல் நீக்கியது. மேடாஸ் நிறுவனங்கள் இரண்டும் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமத்தின் கைக்குப் போயின. 2018-இல் அந்தக் குழுமமே 90,000 கோடிக்கு மேற்பட்ட கடனோடு சாய்ந்தது.

கடிதத்தின் நான்கு எண்களில் மூன்று, கணக்கைத் திருத்தி எழுதியதும் மறைந்துவிட்டன. இல்லாததை இல்லை என்று எழுதிவிட்டால் முடிந்தது. ஏட்டில் ஏறாமல் உள்ளே வந்த 1,230 கோடி அப்படி மறையவில்லை. ராஜு குடும்பத்தோடு தொடர்புடையவை என்று கருதப்பட்ட 37 நிறுவனங்கள், அது தாங்கள் சத்யத்துக்குக் கொடுத்த கைமாற்று, திருப்பித் தாருங்கள் என்று கேட்டன. யாருடைய பணம் எந்த வழியாக அவர்களிடம் வந்தது என்பது விளங்காத நிலையில் புதிய நிர்வாகம் அதைக் கடன் என்று ஒப்புக்கொள்ள மறுத்தது, வழக்குகள் தொடர்ந்தன. சத்யம் 2013-இல் டெக் மஹிந்திராவோடு இணைந்து பெயரிழந்த பிறகும், அந்த நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில், விசாரணை முடியாத தொகை என்ற தலைப்பில், பங்குதாரர் நிதியிலும் சேராமல் கடனிலும் சேராமல், 1,230 கோடி ரூபாய் ஆண்டுக்கு ஆண்டு தனி வரியாக அச்சாகிக்கொண்டிருந்தது.